குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை

எனக்கு இருக்கும் நோய் மருத்துவ ஏட்டில் ஏறியதே ஒரு கொலை வழக்கின் வழியாகத்தான். மதுரையில் கிரிமினல் வழக்கு நடத்திப் பிழைக்கிறவன் நான். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று ஒரு நினைப்பு.

1859-ஆம் ஆண்டு. லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்மணி வாந்தியும் பேதியுமாகப் பல வாரம் கிடந்து, மே 3-ஆம் தேதி இறந்துபோனார். நாற்பதைத் தாண்டிய வயது. கையில் கொஞ்சம் பணம் இருந்தது. கணவர் என்று கூடவே இருந்தவர் தாமஸ் ஸ்மெத்தர்ஸ்ட், தொழிலால் டாக்டர். அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உயிரோடு இருந்தார். இறப்பதற்கு ஓரிரு நாள் முன்புதான் இசபெல்லா தன் சொத்தை அவர் பெயருக்கு எழுதி உயிலில் கையெழுத்துப் போட்டிருந்தார். போலீஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நோக்கம் இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது, ஆளின் யோக்கியதையும் சந்தி சிரித்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைத்துக் கொன்றுவிட்டான் என்று வழக்கு.

அரசுத் தரப்பின் பெரிய சாட்சி ஆல்ஃப்ரெட் ஸ்வைன் டெய்லர். விஷம் பற்றி அவர் சொன்னால் அன்றைய இங்கிலாந்தில் மறுபேச்சு கிடையாது. இசபெல்லாவின் மலத்திலும், வீட்டிலிருந்து எடுத்த ஒரு மருந்துப் புட்டியிலும் ஆர்சனிக் இருப்பதாக அவர் சொன்னார். பிறகு பார்த்தால், புட்டியில் கண்ட ஆர்சனிக் அவர் சோதனைக்குப் பயன்படுத்திய செம்பிலிருந்தே வந்திருக்கிறது. அதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியும் ஓல்டு பெய்லி நீதிமன்ற ஜூரிகள் 'குற்றவாளி' என்றார்கள். தூக்குத் தண்டனை.

அதற்குப் பிறகுதான் ரகளை. டாக்டர்களும் வக்கீல்களும் பத்திரிகைகளில் மல்லுக்கட்டினார்கள். லண்டன் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ், இறந்த பெண்ணின் குடலை ஆராய்ந்து ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். பெருங்குடலின் உட்புறம் வீங்கிச் சிவந்து புண்புண்ணாக இருந்ததை அதில் விவரித்தார். உள்துறை அமைச்சர், பெஞ்சமின் பிராடி என்ற மூத்த அறுவை மருத்துவரிடம் கருத்துக் கேட்டார். சந்தேகம் இருக்கிறது, முழுமையான ஆதாரம் இல்லை என்று பதில் வந்தது. ஸ்மெத்தர்ஸ்டுக்குத் தூக்கு ரத்து. ஆனால் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்ததற்கு ஓராண்டு சிறை. ஆள் லேசுப்பட்டவர் அல்ல. வெளியே வந்ததும் அந்த உயிலை வைத்து வழக்குப் போட்டு, அதிலும் ஜெயித்தார்.

எனக்கு இருக்கும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்ற பெருங்குடல் புண் நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வில்க்ஸின் அந்தக் கடிதத்தில்தான் தொடங்குகிறார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் கெட்டிருந்ததால், அது இதன் பங்காளி நோயான 'க்ரோன்ஸ்' ஆக இருக்கலாம் என்று இன்றைக்குப் படிக்கிற நிபுணர்கள் சிலர் சொல்கிறார்கள். எதுவானாலும் சரி, ஆர்சனிக் மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. அந்தக் குடலைப் புண்ணாக்கியது யார் என்ற வழக்கு மட்டும் இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

இந்த நோயின் கதை முழுவதுமே இப்படித்தான். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவரைக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். சாட்சியம் பின்னால் வந்து அவரை விடுவிக்கும்.

என் விஷயத்தில் முதலில் மாட்டியது மூலம். மலத்தோடு ரத்தம் போனால் நம் ஊரில் வேறு யோசனையே கிடையாது. "உக்கார்ந்தே கிடக்கிற தொழிலு, சூடு ஏறிருச்சு" என்றார் அண்ணன். துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். நான் முதலில் போய்ப் பார்த்த டாக்டரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் மலம் வந்தபின் சொட்டும். வயிறு அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும். எனக்கோ ரத்தத்தோடு சளி. வயிற்றைப் பிசைகிற வலி. போய் வந்து வேட்டியைக் கட்டுவதற்குள் மறுபடி வருகிற உணர்வு. ராத்திரித் தூக்கத்திலும் எழுப்பிவிடும். வெறும் மூலம் யாரையும் நடுராத்திரியில் பேதிக்கு எழுப்பாது. இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கொலோனோஸ்கோப்பி. இதற்குப் பயந்தே பலர் வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சோதனையில் கஷ்டம் அதிகமில்லை. அதற்கு முந்தைய ஏற்பாடுதான் கஷ்டம். ஒரு பவுடரை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை போட்டிருப்பார்கள். அதையும் மீறி உப்புக் கரிக்கும். குடல் கழுவிவிட்ட மாதிரி ஆகி, கடைசியில் வெளியே வருவது தெளிந்த மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். மறுநாள் ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரல் பருமனுள்ள குழாயை விடுவார்கள். பெரும்பாலான இடங்களில் மயக்க ஊசி உண்டு. எனக்கு அரை மயக்கம்தான், திரையைப் பார்க்க முடிந்தது. மலக்குடலில் தொடங்கி, செக்கச் சிவந்து, குழாய் லேசாக உரசினாலே ரத்தம் கசிகிற சுவர். இன்னும் மேலே போகப் போக ஓர் இடத்தில் அந்தச் சிவப்பு சட்டென்று நின்றது. அதற்கு அப்பால் இளஞ்சிவப்பான, பளபளவென்ற சுவர். அதில் மெல்லிய ரத்த நாளங்கள் கொடிகொடியாக ஓடுவது தெரிந்தது. "இதுதான் சார் நல்ல குடல்" என்றார் டாக்டர். பத்து இடத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எடுத்தபோது வலி தெரியவில்லை.

பெருங்குடல் புண் நோயின் அடையாளமே அந்த எல்லைக்கோடுதான். மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும், ஓர் இடத்தில் நிற்கும். குடல் சுவரின் உள்தோலோடு சரி. க்ரோன்ஸ் அப்படியல்ல. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும், சுவரின் முழுக் கனத்தையும் துளைத்துப் பக்கத்துக் குடலுக்கோ தோலுக்கோ வழி போட்டுவிடும். இரண்டையும் சேர்த்து ஐ.பி.டி., அதாவது குடல் அழற்சி நோய் என்கிறார்கள். டென்ஷன் வந்தால் வயிறு கலக்குகிற, ஆனால் குடலில் புண்ணே இல்லாத ஐ.பி.எஸ். தொல்லை வேறு, அது மிகச் சாதாரணம். ஐ.பி.டி.யையும் ஐ.பி.எஸ்.ஸையும் பிரித்தறிய இப்போது ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை விட்டுவிட்டுப் போகும். அது மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், குழாய் விட வேண்டுமா வேண்டாமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது? பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உட்புறம் ஒற்றை வரிசைச் செல்கள், அவற்றின் மேல் சளிப் படலம், அதற்கு அப்பால் கோடானுகோடி பாக்டீரியாக்கள். நாம் செரிக்காமல் விட்ட நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடல் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. இவ்வளவு பேர் குடியிருக்கும் இடத்தில் நம் எதிர்ப்பாற்றல் பொறுமையாக இருப்பதுதான் வழக்கம். ஐ.பி.டி. வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை போய்விடுகிறது. கூட்டம் கலைந்த பிறகும் தடியடியை நிறுத்தாத போலீஸ் மாதிரி, வெள்ளணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அடிபடுவது சொந்தக் குடல்.

ஏன் நிறுத்தவில்லை என்பதற்குத்தான் ஒவ்வொரு காலத்திலும் ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள். முதலில் கிருமி. 1913-லேயே கிளாஸ்கோ அறுவை மருத்துவர் கென்னடி டால்ஸீல், இப்போது க்ரோன்ஸ் என்கிறோமே, அதே மாதிரி நோயாளிகளைப் பற்றி எழுதினார். மாடுகளுக்கு வரும் ஜோன் நோயில் குடல் இப்படித்தான் தடிக்கிறது என்றும் சுட்டினார். அந்த மாட்டுக் கிருமியைத் தேடி நூறு வருடமாக ஆய்வு நடக்கிறது. தீர்ப்புச் சொல்லுமளவுக்குச் சாட்சியம் இன்னும் சேரவில்லை.

1932-ல் நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையின் பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஆப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைகள் செய்தவர் ஏ.ஏ. பெர்க், அவர் தன் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். அகர வரிசையில் முதலில் வந்த க்ரோன் பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது. பெர்க் சம்மதித்திருந்தால் அவர் பெயரல்லவா முதலில் வந்திருக்கும்!

பிறகு மாட்டியது மனசு. 1930-களிலிருந்து ஒரு தலைமுறைக் காலம், இது உள்ளத்தில் வரும் நோய், குழந்தைத்தனம் மாறாத ஆட்களுக்கு வருவது, அம்மாவின் பிடி தளராத பிள்ளைகளுக்கு வருவது என்றெல்லாம் மனநல மருத்துவர்கள் எழுதித் தள்ளினார்கள். ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த மனுஷனை சோபாவில் படுக்கவைத்துச் சின்ன வயசுக் கதை கேட்டிருக்கிறார்கள். மனக்கவலை நோயைக் கிளப்பிவிடும், மறுக்கவில்லை. வாதம் முடிந்த அன்று ராத்திரி எனக்கே தெரியும். ஆனால் அதுதான் மூலகாரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தும் அந்தப் பழி போகவில்லை. "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க, அதான்" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து வந்த கதை இதைவிட நல்ல கதை. ஸ்டாக்ஹோமில் நானா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 1937-ல் பேராசிரியர் ஆனவர்; அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். மூட்டுவாதத்துக்குக் கிருமி காரணமாக இருக்கலாம் என்று நினைத்து, சல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து ஒன்றையும் சேர்த்து சல்ஃபாசலசினை உருவாக்க வைத்தார். அது பெருங்குடல் புண் இருந்தவர்களைத் தேற்றியது. 1942-ல் அதைப் பற்றி எழுதினார். மருந்து வேலை செய்தது. எந்தப் பாதி வேலை செய்தது என்பது 35 வருடம் யாருக்கும் தெரியாது. அதை உடைத்தவர் வங்கதேசத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்த ஆசாத் கான். முழு மருந்து, சல்ஃபா பாதி, மற்றப் பாதி என்று மூன்றையும் தனித்தனியே ஆசனவாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். சல்ஃபா சும்மா வண்டிதான், மருந்து மற்றப் பாதி என்று 1977-ல் லான்செட் இதழில் அவரும் சகாக்களும் எழுதினார்கள். அந்தப் பாதிதான் இன்றைக்கு நானும் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களும் விழுங்கும் மெசலசின். சல்ஃபாவோடு சேர்ந்து வந்த தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு பலருக்கு ஒழிந்தது.

இந்த மாத்திரைக்கு ஒரு விசேஷம். வயிற்றில் கரையாமல் குடல் வரை போய்ச் சேர மேலே பூச்சுப் போட்டிருக்கிறார்கள். சில நாள் அந்தக் கூடு மட்டும் முழு மாத்திரை மாதிரியே மலத்தில் வரும். முதல் தடவை பார்த்துவிட்டு, காசு கொடுத்து வாங்கியது அப்படியே போகிறதே என்று பதறினேன். மருந்து இறங்கிவிட்டது, வெறும் கூடுதான் என்று டாக்டர் சிரித்தார். புண் மலக்குடலோடு நின்றவர்களுக்கு மாத்திரையைவிட ஆசனவாயில் வைக்கும் மருந்து நன்றாகக் கேட்கும். கூச்சத்தில் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மாத்திரை கேட்கவில்லை என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆசாத் கானின் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் சிட்னி ட்ரூலவ். அவரும் லெஸ்லி விட்ஸும் 1955-ல் முடித்த சோதனைதான் இந்த நோயில் எனக்குப் பிடித்த தீர்ப்பு. 210 நோயாளிகள், யாருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, யாருக்கு வெறும் மாத்திரை என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி முடிவானது. அதற்கு முன்னால் கடுமையாக நோய் வந்து படுத்தவர்களில் கணிசமானோர் பிழைத்ததில்லை. கார்ட்டிசோன் சாவைக் குறைத்தது. அவர்கள் போட்ட அளவுகோலும் இன்றுவரை நிற்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை அல்லது மேலே ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல், வேகமான நாடி, ரத்தச்சோகை, ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். ஏற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் கடுமை. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எழுபது வருடம் கழித்தும் மதுரை டாக்டர் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை தடவை, ரத்தம் இருந்துச்சா?" என்பதுதான்.

ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும், கூலியும் கேட்கும். நோய் முற்றியபோது பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது. மாதக் கடைசியில் முகம் உப்பிப் பூரணச் சந்திரனாகிவிட்டது. "வக்கீல் சார், கல்யாணக் களை வந்துருச்சே" என்றார் பெஞ்ச் கிளார்க். தூக்கமில்லை, சர்க்கரை ஏறியது, எதிர்த்தரப்பு வக்கீல் மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். தணிந்ததும் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அது. வருடக்கணக்கில் தின்றால் எலும்பும் கண்ணும் போகும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில் காசநோயும் வரும், க்ரோன்ஸும் வரும். இரண்டிலும் வலி, காய்ச்சல், எடை குறைவு, சதைத் துணுக்கில் ஒரே மாதிரி செல் முடிச்சுகள். கிருமி பிடிபட்டால் சரி. குடல் காசநோயில் பெரும்பாலும் பிடிபடாது. ஸ்டீராய்டு கொடுத்து அது காசநோயாக இருந்துவிட்டால், கிருமிக்கு வழிவிட்ட மாதிரி ஆகும். காசநோய் மாத்திரை கொடுத்து அது க்ரோன்ஸாக இருந்துவிட்டால், மாதங்கள் வீணாகிக் குடல் சுருங்கிப்போகும். என் ஜூனியரின் தங்கைக்கு நடந்தது இரண்டாவது. காசநோய் மாத்திரையில் பசியும் கொஞ்சம் எடையும் கூடின. சரியாகிறது என்று குடும்பமே நம்பியது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது புண் அப்படியே இருந்தது. இப்போது இந்தியாவில் பல நிபுணர்கள் சந்தேகத்தின் பேரில் மருந்து தொடங்கினாலும் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நோயாளி தேறியதாகச் சொல்வது சாட்சியம் ஆகாது, புண் ஆறியிருக்க வேண்டும். இந்த ஒழுங்கை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் டெல்லி எய்ம்ஸ் முதலான இந்திய ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காசநோய் அதோடு விடாது. 1993-ல் ஆம்ஸ்டர்டாமில், எந்த மருந்துக்கும் கேட்காத க்ரோன்ஸ் இருந்த ஒரு சிறுமிக்கு டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைக் கட்டிப்போடும் ஊசியைப் போட்டார்கள், புண் ஆறியது. 1998-ல் இன்ஃப்ளிக்சிமாப் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஐ.பி.டி. சிகிச்சையை முன்-பின் என்று பிரிக்க வேண்டுமானால் கோடு அங்கேதான் விழும். ஆனால் 2001-ல் அந்த ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக ஓர் ஆய்வு வெளியானது. உடம்புக்குள் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதில் அதே டி.என்.எஃப்.புக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்த ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். காசநோய் மலிந்த நம் ஊரில் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும். இந்த ஊசியைவிடச் செலவு குறைந்த வழி ஒன்றும் இப்போது இருக்கிறது. டோஃபாசிடினிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் 2018-ல் பெருங்குடல் புண்ணுக்கு அனுமதி பெற்றது. இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பே கிடைக்கிறது. ஆனாலும் அக்கி, ரத்தக் கட்டி போன்ற அபாயங்கள் உண்டு. கடையில் கேட்டு வாங்கித் தின்கிற சரக்கு அல்ல.

மரபணு மீதும் வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2001-ல் நாட்-2 என்ற மரபணுவில் க்ரோன்ஸுக்குத் தொடர்புள்ள மாற்றங்களைக் கண்டபோது, ஆள் சிக்கிவிட்டான் என்று கொண்டாட்டம். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் நம் நோயாளிகளிடம் அவற்றைத் தேடினார்கள். வெள்ளையர்களிடம் பரவலாகக் கண்ட அந்த மாற்றங்கள் இங்கே இல்லை என்று 2008-ல் எழுதினார்கள். இன்றைக்கு 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. எல்லாமே சின்னச் சின்னக் கூட்டாளிகள்.

'இது வெள்ளைக்காரன் வியாதி, நமக்கு வராது' என்ற நினைப்பும் அப்படித்தான் உடைந்தது. லூதியானா தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூத் குழு பஞ்சாபில் 51,910 பேரை விசாரித்து, சந்தேகப்பட்டவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்தது. 23 பேருக்குப் பெருங்குடல் புண் இருந்தது. லட்சத்துக்கு 44 பேர். 2003-ல் வெளியான இந்தக் கணக்கு மேல்நாட்டுக் கணக்குகளைவிடப் பெரிதாகக் குறைந்ததல்ல என்று அந்தக் குழு எழுதியது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களுக்கு இந்த நோய் அங்குள்ள வெள்ளையர்களைவிட அதிகமாக வருவதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஊர் மாறியதும் உடம்பு மாறவில்லை. சாப்பாடும் சூழலும் குடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவும் மாறின. இன்றைய ஆய்வாளர்களின் கண் இருப்பது அங்கேதான். ஐஸ்கிரீம் முதலான தயாரிப்பு உணவுகளில் கலக்கும் சில குழைமப் பொருள்கள் எலிகளின் சளிப் படலத்தை மெலியவைத்து அழற்சியை உண்டாக்குவதை 2015-ல் காட்டினார்கள். மனிதரில் எவ்வளவு தூரம் உண்மை என்பது விசாரணையில் இருக்கிறது. எங்கள் அத்தை சொல்வது போல மிளகாய்தான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. நோய் கிளம்பியிருக்கும்போது காரம் எரியும், அவ்வளவுதான்.

பாக்டீரியாவை மாற்றினால் நோய் அடங்குமா என்று பார்க்க, ஆரோக்கியமானவரின் மலத்தைச் சுத்தம் செய்து கரைத்து நோயாளியின் குடலில் செலுத்துகிறார்கள். முகம் சுளிக்க வேண்டாம். நான் முதலில் சுளித்தேன்தான். டெல்லி எய்ம்ஸில் வினீத் அஹுஜா குழு, கிராமப்புறத்து ஆட்களின் மலத்தோடு அழற்சியைக் குறைக்கும் உணவுமுறையையும் சேர்த்துக் கொடுத்து, மிதமான நோய் உள்ளவர்களிடம் நல்ல பலன் கண்டதாக 2022-ல் எழுதியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி நம் பழைய சோற்றையே அரசு நிதியில் ஆய்வுக்கு எடுத்தது. வேண்டிய ஆய்வுதான். பழைய சோறு எனக்கும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது போல அதைக் குடித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிகிற பேச்சுக்கு இடமில்லை.

மாத்திரையை நிறுத்துவதுதான் எங்களில் பலர் செய்கிற காரியம். ரத்தம் நின்று ஆறு மாதம் ஆனால் நோய் போய்விட்டது என்று தோன்றும். அது போகவில்லை, அடங்கியிருக்கிறது. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே இந்த நோய். 2007-ல் பதவி விலகியதற்கு இதுவும் காரணம். பிறகு புது மெசலசின் மாத்திரை வந்தது, தேறினார், 2012-ல் திரும்பப் பிரதமரானார், ஏறக்குறைய எட்டு வருடம் ஆண்டார். 2020-ல் நோய் மறுபடி கிளம்பியது, விலகினார். ஒரு நாட்டின் தலைவருக்குக் கிடைக்கிற வைத்தியத்திலும் அது முழுசாக ஒழிந்துவிடவில்லை. அதோடு, பெருங்குடலில் பரவலாக நோய் இருந்து எட்டு வருடம் கடந்தவர்கள் நன்றாக இருந்தாலும் குறித்த இடைவெளியில் குழாய் விட்டுப் பார்த்தாக வேண்டும். புற்றுநோய் அபாயம் கூடுதல்.

டாக்டர்கள் பார்க்காத பாதி நோய் வெளியே இருக்கிறது. கோர்ட் ஹாலில் நான் கதவோரம்தான் உட்காருவேன். குறுக்கு விசாரணை நடுவில் வயிறு பிசைந்தால் ஜூனியர் எழுந்து இரண்டு கேள்வி கேட்பார், அதற்குள் வந்துவிடுவேன். சென்னைக்கு ரயில்தான், பஸ் கிடையாது. புது ஊருக்குப் போனால் முதலில் விசாரிப்பது கக்கூஸ் எங்கே, பூட்டியிருக்கிறதா என்பது. பஸ்ஸில் கண்டக்டராகவும், பள்ளியில் டீச்சராகவும், துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்று விற்கிறவராகவும் இதே நோயோடு இருக்கிற பெண்களையும் ஆண்களையும் டாக்டர் வீட்டு வராந்தாவில் பார்க்கிறேன். ஒருவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமலே வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆலி பெய்ன் என்ற 14 வயதுச் சிறுமிக்கு க்ரோன்ஸ். கடையில் அவசரமாக வந்தபோது, கழிவறை ஊழியர்களுக்கு மட்டும் என்று மறுத்துவிட்டார்கள். அம்மாவும் மகளும் விடவில்லை. இப்படிப்பட்ட நோய் உள்ள வாடிக்கையாளருக்குக் கடைகள் ஊழியர் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005-ல் அங்கே சட்டமே வந்தது. பிறகு வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நம் ஊரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும், அதற்கு மனு எழுத நான் தயார். அதுவரை, கடை வைத்திருக்கிறவர்களிடமும் பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேர்த்து விறுவிறுத்து யாராவது வந்து கழிவறைச் சாவி கேட்டால் என்ன ஏது என்று விசாரிக்காமல் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே இரண்டு மூன்று வாரமாக மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதா? மூலம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் ஒரு குடல் நோய் டாக்டரைப் போய்ப் பாருங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.